எடை ஏறினாலும் சொல்லுங்கள், இறங்கினாலும் சொல்லுங்கள்

கேள்வி – பதில்

(கீமோ சிகிச்சையில் இருப்பவர்களின் உடல் எடை பற்றி அம்மையார்குப்பத்திலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இந்த முறை.)

கே: கீமோ போட்டால் ஆள் துரும்பாகிவிடுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறோம். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். நாலு ஊசி முடிந்து நாலு கிலோ ஏறியிருக்கிறது. “இது நிஜமாவே கேன்சர்தானா?” என்று தெருவில் கேட்கிறார்கள்.
– வாசகி, அம்மையார்குப்பம்

ப: தெருவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைக்கு முன்போ பின்போ கீமோ எடுக்கும் பெண்களில் பலருக்கு எடை ஏறத்தான் செய்யும். 1970களிலேயே மருத்துவர்கள் இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள்.

காரணம் ஒன்றல்ல. வாந்தி வராமலிருக்கவும் ஒவ்வாமையைத் தடுக்கவும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது பசியைக் கிளப்பும், உடம்பில் நீரைத் தேக்கும். குமட்டலை அடக்க ரொட்டி, பிஸ்கட் என்று எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பார்கள். விடிந்தால் தறிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் அலைந்த உடம்பு கட்டிலில் கிடக்கும். மாதவிலக்கு நிற்காத வயதென்றால், கீமோவே அதை நிறுத்திவிடுவதுண்டு. அதுவும் எடை ஏறக் காரணமாகும். இத்தனையும் சேரும்போது கொழுப்பு கூடி, தசை கரைகிறது. தராசு ஏற்றத்தைத்தான் காட்டும், தசை கரைந்ததைக் காட்டாது. அம்மாவுக்குச் சோற்றைக் குறைக்காதீர்கள். பிஸ்கட்டைக் குறையுங்கள், முட்டையைக் கூட்டுங்கள், தெருமுனை வரை நடக்கவையுங்கள். நாலு கிலோ ஏறியதை அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கே: ஒவ்வொரு தடவையும் எடை பார்க்க வரிசையில் நிற்கவைக்கிறார்கள். போன மாத எடையையே எழுதிக்கொண்டால் என்ன?
– வாசகர், ஆர்.கே.பேட்டை

ப: மருந்தின் அளவே தவறிப்போகும். பெரும்பாலான கீமோ மருந்துகளை உடம்பின் மேற்பரப்பைக் கணக்கிட்டுத்தான் கொடுக்கிறார்கள். உயரத்தையும் எடையையும் வைத்து அந்தப் பரப்பைச் சதுர மீட்டரில் கண்டுபிடிக்கும் சூத்திரம் 1916லேயே வந்துவிட்டது. 155 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ளவருக்குப் பரப்பு சுமார் 1.47. அவரே 40 கிலோவுக்கு இறங்கினால் 1.33. சதுர மீட்டருக்கு 175 மி.கி. என்று தரும் மருந்தானால், முன்னதில் சுமார் 257 மி.கி., பின்னதில் 233 மி.கி. இளைத்த உடம்புக்குப் பழைய அளவை ஏற்றினால் பக்கவிளைவு கூடும். ஏறிய உடம்புக்குப் பழைய அளவைக் கொடுத்தால் நோய்க்கு மருந்து போதாமல் போகலாம். எடை நூற்றுக்குப் பத்து அளவில் மாறினால் மருந்தைத் திரும்பக் கணக்கிடுவது பல மருத்துவமனைகளில் வழக்கம்; அதற்கு முன்பே கணக்கிடும் இடங்களும் உண்டு. வரிசை நீளமாக இருந்தாலும் நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

கே: என் வீட்டுக்காரருக்கு இரைப்பையில் புற்றுநோய். 60 கிலோ இருந்தவர் மூன்று மாதத்தில் 54 ஆகிவிட்டார். “கீமோன்னா அப்படித்தான், முடிஞ்சா தேறிடுவார்” என்கிறார்கள் எல்லோரும்.
– வாசகி, அம்மையார்குப்பம்

ப: இல்லையம்மா, “அப்படித்தான்” என்று விடக்கூடாது. ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தானாக எடை குறைந்தாலே மருத்துவம் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் கணவருக்கு மூன்றே மாதத்தில் பத்து குறைந்திருக்கிறது.

புற்றுநோயில் வரும் மெலிவு, பட்டினியால் வரும் மெலிவு போன்றதல்ல. நோய் உடம்பில் ஒருவித அழற்சியை மூட்டிவிடுகிறது. அதனால் பசி அடங்குகிறது, உள்ளே போகும் சாப்பாடு முழுதாக உடம்பில் ஒட்டுவதில்லை, தசை கரைகிறது. இதோடு கீமோவின் குமட்டல், வாய்ப்புண், பேதி எல்லாம் சேர்கின்றன. “சாப்பிடு சாப்பிடு” என்று நீங்கள் கெஞ்சியும் அவர் தட்டைத் தள்ளிவிட்டால், அது பிடிவாதமோ உங்கள் சமையலின் குறையோ அல்ல. நோய்தான் அவரைத் தள்ளவைக்கிறது.

கீமோ கொடுக்கும் மருத்துவரிடமே உணவியல் நிபுணரைப் பார்க்கவேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். குமட்டல் மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம். பசியைத் தூண்ட மருந்து உண்டு. தேவைப்பட்டால் குழாய் வழியாக உணவு கொடுக்கலாம். குழாய் என்றதும் “அவ்வளவுதானா?” என்று பலர் அழுதுவிடுகிறார்கள். தொண்டை, உணவுக்குழாய், இரைப்பை நோய்களில் சிகிச்சையை முழுதாக முடிக்க உதவும் பாலம்தான் அது. அடுத்த தேதி வரை காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.

கே: சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனியாமே? அரிசியை அடியோடு நிறுத்திவிட்டோம்.
– வாசகர், பள்ளிப்பட்டு

ப: இன்றைக்கே திரும்ப வடித்துப் போடுங்கள். புற்று செல் சர்க்கரையை உண்பது உண்மை. மூளையும் இதயமும் தசையும் அதையேதான் உண்கின்றன. சோற்றை நிறுத்தினால் நோய் பட்டினி கிடக்காது, நோயாளிதான் கிடப்பார். சர்க்கரை நோயும் கூட இருந்தால் மட்டும் அளவு பார்க்கவேண்டும். ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் ரத்தச் சர்க்கரை எகிறும் என்பதால் மாத்திரையின் அளவையும் அப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: மாமியாருக்கு ஒரே வாரத்தில் மூன்று கிலோ கூடிவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் கொலுசு இறுகுகிறது.
– வாசகி, அம்மையார்குப்பம்

ப: தறி வீட்டுப் பெண் நீங்கள், சொன்னால் சட்டென்று பிடிபடும். கஞ்சி போட்ட பாவு கனக்கும். அதனால் நூல் கூடிவிட்டது என்று யாராவது சொல்வோமா? ஒரு வாரத்தில் ஏறிய மூன்று கிலோவும் அப்படித்தான், அது சாப்பாட்டால் ஏறிய சதையாக இருக்காது. பெரும்பாலும் நீர்.

டோசிடாக்செல் என்ற மருந்து உடம்பில் நீர் கட்டவைக்கும். அதைத் தடுக்கத்தான் ஊசிக்கு முந்தின நாளிலிருந்தே ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தருகிறார்கள். அந்த மாத்திரையை விட்டுவிட்டால் வீக்கம் கூடும். இதயமோ சிறுநீரகமோ சோர்ந்தாலும் நீர் கட்டும். கீமோ மருந்துகளில் சில இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடியவை. கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் இன்றே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் போன் செய்துகொண்டிருக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தாலும் உடனே போகவேண்டும். அது ரத்தக்கட்டாக இருக்கலாம்.

கே: வீட்டில் எடை எப்போது பார்க்கவேண்டும்?
– வாசகர், சோளிங்கர்

ப: காலையில், கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடுமுன். வாரம் ஒருமுறை, ஒரே கருவியில். வீக்கம் இருப்பவர்கள் தினமும். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, ஊசிக்குப் போகும்போது கையில் எடுத்துப்போங்கள்.

கே: பேரனுக்கு ரத்தப் புற்றுநோய். மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து கன்னம் உப்பி, வயிறு தள்ளி, ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இட்லி கேட்கிறான். பயமாக இருக்கிறது.
– ஒரு பாட்டி, அம்மையார்குப்பம்

ப: இட்லி கொடுங்கள் பாட்டி. இது பெரும்பாலும் ப்ரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் மாத்திரை செய்யும் வேலை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது துணை மருந்து அல்ல, முக்கிய மருந்து. அந்தக் கட்டம் முடிந்தால் பசி அடங்கும், கன்னமும் சில வாரங்களில் வற்றும். உப்புப் போட்ட சிப்ஸ், ஊறுகாய், அப்பளம் வேண்டாம், அவை நீரைக் கட்டும். உருவம் மாறுகிறதே என்று மட்டும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

கே: கீமோ மருந்தைக் கண்டுபிடித்ததே நம் பக்கத்து ஆந்திராக்காரர் என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். உண்மையா?
– பள்ளி மாணவர், திருத்தணி

ப: பெரும்பகுதி உண்மை, ஆசிரியருக்கு என் வணக்கம். எல்லாப்ரகட சுப்பாராவ் 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். அமெரிக்கா போய் லெடர்லே ஆய்வகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, போலிக் அமிலத்தை எதிர்க்கும் மருந்துகளை உருவாக்கியது. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948ல் அது வெளியானது. சுப்பாராவ் இறந்ததும் அதே ஆண்டில்தான். அந்த மருந்தின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயில் நீங்காத இடம் பெற்றிருக்கிறது. அதற்கு முன்பே கடுகு வாயுவிலிருந்து பிறந்த ஒரு மருந்தை 1942ல் அமெரிக்காவில் சோதித்திருந்தார்கள். அதனால்தான் “பெரும்பகுதி” என்றேன்.

இந்தக் கேள்வி எடைக்கும் சம்பந்தப்பட்டதுதான். போலிக் அமிலம் வேகமாக வளரும் செல்லுக்கு வேண்டும். வாயின் உள்தோலும் வேகமாக வளர்வதே. புற்றுச் செல்லை அடிக்கும் மெத்தோட்ரெக்சேட் அதையும் அடிக்கிறது. வாய் வெந்துபோகிறது, சாப்பாடு நிற்கிறது, எடை இறங்குகிறது. அதே காரணத்தால்தான் கடையில் சத்து மாத்திரை வாங்கி விருப்பம்போல் விழுங்கக்கூடாது என்பதும். அதிலுள்ள போலிக் அமிலம் மருந்துக்கே எதிராக நிற்கலாம்.

கே: வாய்ப்புண்ணில் பச்சைத் தண்ணீர்கூட எரிகிறது. ருசியும் செத்துவிட்டது. என்னதான் சாப்பிடுவது?
– வாசகி, அம்மையார்குப்பம்

ப: புளிச்சகீரைத் தொக்கும் மிளகாய்ப் பொடியும் இல்லாமல் நம் எல்லைப் பக்கத்தில் சோறு இறங்காது, தெரியும். சில வாரங்களுக்கு அவற்றை ஒதுக்கித்தான் ஆகவேண்டும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளியுங்கள், விழுங்க வேண்டாம். தயிர்ச் சோற்றைக் குழைத்துப் பிசையுங்கள். கேழ்வரகுக் கூழில் பாலைச் சேருங்கள். பருப்பை நன்றாகக் கடைந்து நெய் விட்டு இட்லியை ஊறவையுங்கள். வாயில் இரும்பு ருசி அடித்தால் எவர்சில்வர் கரண்டியை விட்டு மரக்கரண்டிக்கு மாறுங்கள். தாளிக்கிற வாசனை குமட்டினால் ஆறவைத்துச் சாப்பிடுங்கள். ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து ஏறுகிறவர்கள் குளிர்ந்த எதையும் சில நாள் தொடக்கூடாது. தொண்டை இறுகுவதுபோல் ஆகிவிடும், விரல்கள் ஷாக் அடித்தாற்போல் மரத்துப்போகும். உங்கள் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

புரதத்தை விடாதீர்கள். ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தினமும் வேண்டும். 50 கிலோ என்றால் 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு கூட்டவேண்டும்.

கே: “முட்டை சூடு, தயிர் குளிர்ச்சி, மீன் ஆகாது” என்று பத்தியம் வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள்.
– வாசகி, ஆர்.கே.பேட்டை

ப: அவர்கள் அன்பை ஏற்றுக்கொள்ளுங்கள், பத்தியத்தை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். நன்றாக வெந்த முட்டை, மீன், கோழி எல்லாம் ஆகும். ஆகாதவை அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால், தெருவில் நறுக்கி வைத்த பழம். பசி வர, சதை பிடிக்க என்று யாரோ தரும் லேகியமும் அப்படியே. கல்லீரல் ஏற்கெனவே கீமோவைக் கரைத்து வெளியேற்றும் வேலையில் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு சுமை ஏற்றாதீர்கள்.

கே: ஆடிக் கிருத்திகைக்குத் தணிகை மலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டுதல். விரதமும் உண்டு. நடுவில் கீமோ இருக்கிறது.
– வாசகர், அம்மையார்குப்பம்

ப: வேண்டுதலைத் தள்ளிவையுங்கள், கீமோவைத் தள்ளிவைக்காதீர்கள். ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பெரும்பாலான மருந்துகளுக்கு வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். லட்சக்கணக்கான கூட்டத்தில் அப்போது நிற்கக்கூடாது. கரையும் தசைக்கு ஒருவேளைப் பட்டினியும் கேடு. சிகிச்சை முடிந்து கூட்டமில்லாத ஒரு வார நாளில் போங்கள். 365 படியும் ஏறத் தெம்பு வரவில்லையென்றால் மலைமேல் வண்டி போகும் சாலை இருக்கிறது. முருகன் காத்திருப்பான்.

கே: சிகிச்சை நடக்கும்போது தறியில் உட்காரலாமா?
– நெசவாளர், அம்மையார்குப்பம்

ப: மருத்துவர் தடுக்கவில்லை என்றால், முடிந்த மட்டும் உட்காருங்கள். ஊசி போட்ட முதல் சில நாட்கள் ஓய்வு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. குணமாக்கும் நோக்கோடு சிகிச்சை பெறுகிறவர்களுக்கு நடையும் தசைக்கான பயிற்சியும் சிகிச்சை நாட்களிலேயே வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2022ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. சாப்பிட்ட புரதம் தசையில் சேர அசைவு வேண்டும். விரல்நுனி மரத்துப்போயிருந்தால் மட்டும் விசைத்தறிப் பக்கம் போகாதீர்கள். கையில் அடிபட்டாலும் தெரியாது.

கே: பெரிய ஆஸ்பத்திரி என்றாலே செலவு. பாதியில் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார் அப்பா.
– வாசகர், பள்ளிப்பட்டு

ப: விடவிடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழியுண்டு. கீமோவும் அதில் அடங்கும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு மருத்துவமனை, இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற எண்ணத்தில் வளர்ந்தது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. மருத்துவமனையில் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

கே: நோயாளியைப் பார்க்கப் போகிறோம். என்ன பேசுவது?
– வாசகி, அம்மையார்குப்பம்

ப: “என்னடி இப்படி இளைச்சுட்டே” வேண்டாம். “பரவாயில்லையே, ஊதிட்டியே” என்பதும் வேண்டாம். கண்ணாடியை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம். போகும்போது பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் அரை டஜன் முட்டையோ வறுத்த வேர்க்கடலையோ கொண்டுபோங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளை ஒருநாள் உங்கள் வீட்டில் சாப்பிடவையுங்கள். அடுத்த ஊசிக்குத் துணைக்கு வர ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்கள் போங்கள். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கிக் கொடுத்து, 100.4 டிகிரி காட்டினால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.