துண்டு கவனம்

கார் பார்க் வாசலில் துண்டு கைக்கு வந்ததும் மாமாவின் முகம் மாறிவிடும். பேலியகொடையிலிருந்து மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டு வந்த மனிசன் வாயை மூடுவார். காரின் உள்விளக்கைப் போடுவார். வாசிக்கிற கண்ணாடியைத் தேடி மாட்டுவார். துண்டில் அடித்திருக்கிற நேரத்தைத் தன் கைமணிக்கூட்டோடு ஒப்பிட்டு, "பாத்தியே, ரெண்டு நிமிசம் கூட்டிப் போட்டிருக்கிறாங்கள்" என்பார். அந்த மணிக்கூடு 1994இல் அத்தை சீதனக் காசு மிச்சத்தில் வாங்கிக் கொடுத்தது. அன்றிலிருந்தே பிந்தித்தான் ஓடுகிறது. பின்னால் நாலு வான்கள் ஹோன் அடிக்கும். தடுப்புப் பொல்லு எங்களுக்காகக் கையைத் தூக்கிக்கொண்டே நிற்கும்.

இனித்தான் விஷயம். துண்டை எங்கே வைப்பது?

முதலில் சேட் பொக்கற். குனிந்தால் விழும் என்று உடனே எடுத்துவிடுவார். காற்சட்டைப் பொக்கற்றில் வைத்தால் வியர்வையில் எழுத்து அழியும். முகப்புக்கு மேலே, கண்ணாடியோரம் வைத்தால் ஏசிக் காற்றில் உள்ளே போய்விடும். அப்படிப் போன துண்டொன்றை எடுக்க மெக்கானிக்கிடம் டாஷ்போட்டைக் கழற்றிய சரித்திரம் உண்டு. வெயில் மறைப்பில் செருகினால் அங்கே ஏற்கெனவே புகைப் பரிசோதனைப் பத்திரம் இருக்கிறது, இரண்டும் கலந்துவிடும். பேர்சுக்குள் வைக்கலாம்தான். ஆனால் அந்தப் பேர்சை நீங்கள் பார்க்கவேண்டும். ஒன்பது இலக்கமும் ஒரு 'வி'யும் உள்ள பழைய அடையாள அட்டை, புது அட்டை, இரண்டினதும் போட்டோப் பிரதி, கதிர்காமத்து விபூதிப் பொட்டலம், கொச்சிக்கடை அந்தோனியார் படம் (மாமா சுத்த சைவம், ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகாத கொழும்புச் சைவர் எத்தனை பேர்?), மிக்சர் வாங்கிய பில், அதிவேகப் பாதையில் காசு கட்டிய பற்றுச்சீட்டுகள். அந்தப் பேர்சை மடிக்கவே இயலாது. அதன்மேல் அமர்ந்து அமர்ந்து மாமாவின் இடுப்பு ஒரு பக்கம் சரிந்துபோய்விட்டது என்பது அத்தையின் முறைப்பாடு.

ஆக, ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இடம். அந்த இடம் அவ்வளவு பத்திரமானதாக இருக்கும், திரும்பி வரும்போது அவருக்கே தெரியாது.

வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒருவர், கொட்டாஞ்சேனையில் மாடிக்கட்டடத்துக்கு ஒருவர் என்று இந்த மாமாமார் இருக்கிறார்கள். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். வீட்டில் ஒரு நிசான் சனி. ஊராருடைய பிள்ளைகள் வந்தாலும் போனாலும் கட்டுநாயக்கவுக்குக் கொண்டுபோய் விடுவது இவர்களுடைய ஏகபோக உரிமை. பிக்மீயில் ஒரு கார் பிடித்துப் போகிறேன் என்று சொன்னால் ஆறு மாதம் முகம் கொடுக்கமாட்டார்கள். (இதை வாசிக்கப்போகிற என் சொந்த மாமாவுக்கு: இது நீங்கள் இல்லை. உங்களுடையது ரொயோட்டா.)

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். 2013 ஒக்ரோபரில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையைத் திறந்தார்கள். 25.8 கிலோமீற்றர். அதற்கு முன்னர் வத்தளை, ஜா-எல, சீதுவ என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போன பாதை இப்போது அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் மாமாவின் கணக்கு இன்னும் பழைய றோட்டுக் கணக்கு. விடிய நாலு மணிக்குப் பிளேன் என்றால் முதல்நாள் இரவு பத்துக்கு வெள்ளவத்தையை விட்டு வெளிக்கிடவேண்டும். பதினொன்றுக்குக் கார் பார்க். பிறகு நேரம் ஓட ஓட, "மணித்தியாலத்துக்குக் காசு ஏறுது, ஏறுது" என்று துண்டைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு. ஐயா, பிந்தி வந்திருந்தால் ஏறாதே!

மாமாவும் தானியங்கிப் பொல்லும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டது விமான நிலையத்தில் இல்லை, கொழும்பில் ஒரு கடைத்தொகுதியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில். நான் பக்கத்தில் இருந்தேன். பொல்லுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளியே காரை நிறுத்தினார். முன்லைற்றை அணைத்தார். உள்விளக்கைப் போட்டார். கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்ரியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. அந்தப் பெட்டிக்குக் கண் இல்லை. அதற்கு முன்னால் தரைக்குள் ஒரு கம்பிச் சுருளைப் புதைத்து மின்சாரம் ஓடவிட்டிருப்பார்கள். தரையில் சதுரமாக வெட்டிப் பூசின அடையாளம் தெரியும். காரின் உலோகம் அதற்கு மேலே வந்து நின்றால் சுருளின் மின்தூண்டல் மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் வாகனம் வந்துவிட்டது என்று பெட்டி அறியும். பத்தடி தள்ளி மரியாதையாக நிற்கிற மனிசனை அதற்குத் தெரியவே தெரியாது.

மாமா இறங்கி நடந்து போனார். பொத்தானை அமத்தினார். துண்டு வரவில்லை. பெட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "மாத்தயா" என்று மெல்லக் கூப்பிட்டார். பிறகு என்னிடம் திரும்பி வந்து, "உள்ளுக்கு ஆள் இல்லைப் போல" என்றார்.

"மாமா, காரை முன்னுக்கு விடுங்கோ. காருக்குத்தான் துண்டு, ஆளுக்கில்லை."

விட்டார். இப்போது பெட்டியிலிருந்து ஒரு முழம் அகல நின்றது கார். கை எட்டவில்லை. கதவைத் திறந்தார்; கதவு பெட்டியில் இடித்தது. இடுக்குக்குள்ளால் வெளியே எக்கினார். சீற் பெல்ற் பிடித்து இழுத்தது. கடைசியில் அரை உடம்பு காருக்குள்ளும் அரை உடம்பு வெளியிலுமாகத் தொங்கித் துண்டை இழுத்தெடுத்தபோது, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வரவேற்றது. "ஸ்தூதி, நங்கி" என்றார் மாமா, மூச்சு வாங்க.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வீடு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "முன்லைற்றை அணைச்சவரோ? உள்லைற்றைப் போட்டவரோ?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போர்க்காலத்தில், இரவில் சென்றிப் பொயின்ற் கண்டால் அப்படித்தான் செய்யவேண்டியிருந்தது. தள்ளி நிறுத்து, முன்லைற்றை அணை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்படி உள்விளக்கைப் போடு, கையை மேலே வை. இந்த நகரத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு தடுப்புக்கு முன்னாலும் மாமா அதைத்தான் செய்தார். பொல்லு இப்போது தானாக உயர்கிறது என்பதற்காக உடம்பு மறந்துவிடுமா?

துண்டும் அப்படித்தான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்த தமிழருக்குப் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் இராப்பொழுது இல்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை, லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்தநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு நிறுத்தியது. அந்த விடியலில் மாமாவின் வீட்டுக் கதவும் தட்டப்பட்டது. பதிவுத் துண்டு சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. எடுத்துக் காட்டினார், போய்விட்டார்கள். பக்கத்து லொட்ஜில் ஊசி போட வந்து தங்கியிருந்த கிழவர் ஒருவரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

அந்தத் துண்டு இன்னமும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதை எறியச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இதையெல்லாம் யோசித்து மனம் இளகியிருக்கும் நேரம் பார்த்துத்தான் அவர் அடுத்த வேலையைக் காட்டுவார். என் மச்சான் ரொறன்ரோ போன இரவு அது. காரில் ஐந்து பேர், மடியில் முறுக்கு, ஒடியல் மா, மிளகாய்த்தூள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்சக் காலம் பயணிகளைத் தவிர வேறு ஒருவரையும் விமான நிலையக் கட்டடத்துக்குள் விடவில்லை. அப்போதும் இந்த ஐந்து பேரும் வந்தார்கள், வெளியே நின்று கை காட்டினார்கள். போர்க்காலத்தில் சொந்த வாகனத்தை அவேரிவத்தையில் மறித்துவிடுவார்கள், அங்கிருந்து பஸ். அப்போதும் வந்தவர்கள்தான். வழியனுப்புவது என்றால் அவர்களுக்குக் காய்ச்சல்.

மச்சான் உள்ளே போனான். நாங்கள் காருக்குத் திரும்பினோம். வெளியேறும் வாசல். கூண்டுக்குள் இருந்த பெடியன் கையை நீட்டினான்.

சேட் பொக்கற். இல்லை. காற்சட்டை. இல்லை. பேர்சைத் திறந்தார், அந்தோனியார் வந்தார், மிக்சர் பில் வந்தது, துண்டு வரவில்லை. மிதியடிக்குக் கீழே பார்த்தார். முறுக்குப் பைக்குள் பார்த்தார், அதை மச்சான் நிறை கூடுது என்று திருப்பித் தந்திருந்தான். கண்ணாடிக் கூட்டுக்குள் பார்த்தார். என்னுடைய பொக்கற்றுக்குள் பார்த்தார். பின்னால் வரிசை அவேரிவத்தை வரை நீண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

போன் அடித்தது. மச்சான்.

"மாமா, என்ர பாஸ்போட்டுக்குள்ள ஒரு துண்டு கிடக்கு. இமிக்கிரேசனில எடுத்து என்னெண்டு கேக்கிறாங்கள்."

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு ஒளி. "பாத்தியா? அதுதான் தொலையக்கூடாதெண்டு நான் பாஸ்போட்டுக்குள்ள வைச்சனான். ஆர்தான் பாஸ்போட்டைத் தொலைப்பினம்?"

"மாமா, சீல் குத்தியாச்சு."

"ஒரு நிமிசம்தானே. அந்த ஓபீசரிட்ட விசயத்தைச் சொல்லிப்போட்டு வெளியில வந்து தந்திட்டுப் போ."

இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சரித்திரம் எல்லாம் சரி. விடிய மூன்று மணி, நான் எட்டரைக்கு வேலைக்குப் போகவேண்டும், காருக்குள் எண்பது வயது ஆச்சி மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறா. ஒரு துண்டைக் காருக்குள் ஒரே இடத்தில் வைக்க ஒரு மனிசனுக்கு ஏன் முடியாது? நான் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கிளிப் வாங்கிக் கொடுத்திருந்தேன். வென்றிலேற்றரில் கொழுவுகிறது. அதைப் பத்திரமாக வீட்டில் எடுத்து வைத்திருக்கிறார்.

பெடியன் நல்லவன். கார் இலக்கத்தைப் பார்த்தான், எதையோ எழுதினான், அடையாள அட்டையை வாங்கிப் பதிந்தான், துண்டு தொலைத்ததற்கும் சேர்த்துக் காசை வாங்கிக்கொண்டு பொல்லை உயர்த்தினான். மாமா காரை எடுக்கவில்லை.

"மல்லி, மேக்கட்ட துண்டுவக் தென்ன" என்றார்.

துண்டு என்றால் அவர்களுக்கும் விளங்கும். சிங்களத்திலும் துண்டுவ என்றுதான் சொல்கிறார்கள். துண்டு தொலைந்ததற்கு ஒரு துண்டு கேட்கிறார். பெடியன் என்னைப் பார்த்தான். நான் ஆச்சியைப் பார்த்தேன். அவன் ஒரு பற்றுச்சீட்டை அடித்துக் கொடுத்தான். மாமா உள்விளக்கைப் போட்டு நேரத்தைச் சரிபார்த்தார்.

இரண்டு வருடம் கழித்து மச்சான் மனிசியும் கைக்குழந்தையுமாக வந்து இறங்கினான். வழக்கம்போல இரண்டரை மணித்தியாலம் முந்தியே போய் நின்றோம். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவனை மாமா கட்டிப்பிடித்தார். குழந்தையை வாங்கி என் கையில் தந்தார். முதல் கேள்வி, "அது கொண்டு வந்தனியே?"

அவன் சிரித்துக்கொண்டு பாஸ்போட்டைத் திறந்தான். எழுத்து அழிந்து வெறும் வெள்ளைக் கடதாசியாய்ப் போயிருந்தது அந்தத் துண்டு. மாமா அதை மடித்துப் பேர்சுக்குள் அந்தோனியாருக்குப் பின்னால் வைத்தார். பிறகு சேட் பொக்கற்றில் இருந்த அன்றைய துண்டை எடுத்து, அவனுடைய பாஸ்போட்டுக்குள் செருகி மூடிக் கையில் கொடுத்தார்.

"இந்த முறை நீ எங்களோட வீட்டதானே வாறாய். கவனமா வைச்சிரு."

கார் வரைக்கும் நடந்தோம். பாஸ்போட் இருந்த பையை மச்சான் டிக்கியில், நாலு சூட்கேசுக்கும் அடியில் வைத்துப் பூட்டினான்.