பந்தயக் குதிரைக்கும் மேய்ச்சல் வேண்டும்

கேள்வி: மகனை அமராவதிநகர் சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிறோம். கதைப் புத்தகங்களைப் பரணில் போட்டுவிட்டு கைடுகளை மட்டும் கொடுத்தால் போதுமா? – வாசகி, பொள்ளாச்சி

பதில்: பரணுக்குப் போக வேண்டியவை இரண்டாவது கைடும் மூன்றாவது கைடும்தான். ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கான அந்தத் தேர்வில் 150 நிமிடத்தில் 125 கேள்விகள். ஒன்றுக்கு 72 விநாடி. 300 மதிப்பெண்ணில் பாதி கணக்குக்கு. கணக்கும் வாக்கியமாகத்தான் வருகிறது. 'மீதியில் பாதியைச் செலவழித்தான்' என்பதை 'மொத்தத்தில் பாதி' என்று படித்துவிடும் பிள்ளைக்கு வாய்ப்பாடு தலைகீழாகத் தெரிந்தாலும் விடை தப்பும். வேகமாகவும் பிசகாமலும் படிக்கும் பழக்கத்தைத் தருவது, பிள்ளை விரும்பிப் படிக்கும் புத்தகமே.

'கதையிலிருந்து கேள்வி வராதே, நேரமும் இல்லையே' என்பீர்கள். கேள்வி அமைப்பைப் பழக ஒரு நல்ல கைடும் பழைய வினாத்தாள்களும் கட்டாயம் வேண்டும். ஆனால், மொழிப் பகுதியில் வரும் புதிய பத்தியை எந்தக் கைடும் முன்கூட்டித் தர முடியாது. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதால் தமிழ் வாசிப்பு வீண்போகாது. நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா வெளியீடுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் படித்துவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்கிறானா, அடுத்த பக்கத்தைத் தானே திருப்புகிறானா? அந்தப் புத்தகத்தை வாங்குங்கள். தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் அந்த வாசிப்பு அவனுக்கு மிஞ்சும்.