கவர்னர் மூவர், முத்திரை ஒன்று

பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் லெப்டினன்ட் கவர்னர் என்று ஒருவர் உண்டு. புதுச்சேரிக்காரர்கள் பதற வேண்டாம். டெல்லியிலிருந்து வந்து இறங்கி முதல்வரோடு மல்லுக்கு நிற்பவர் இல்லை இவர். அங்கே கவர்னர் என்பவரே ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், நம்மூர் முதலமைச்சர் மாதிரி. இவர் அவருக்கு அடுத்தபடி. ஜார்ஜியா மாநிலத்தில் அந்தப் பதவிக்கு முக்கியமாக இரண்டு வேலை. ஒன்று, செனட் சபைக்குத் தலைமை தாங்கி, சத்தம் போடுகிறவர்களை அடக்குவது. இரண்டு, கவர்னருடைய உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் அக்கறையோடு விசாரிப்பது. இரண்டாவதைச் சட்டம் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை.

ஜார்ஜியாவுக்கு இந்தப் பதவியைக் கொடுத்ததே 1945-ல் வந்த புது அரசியல் சட்டம்தான். கவர்னர் செத்துப்போனால் இவர் அந்த வேலையைப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். ஜெயித்தவர் பதவியேற்பதற்கு முன்னாலேயே செத்துப்போனால்? அது யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வருஷமே ஒருவர் செத்துக் காட்டினார்.

அவர் யூஜீன் டால்மட்ஜ். ஏற்கெனவே மூன்று முறை ஜெயித்தவர். சிவப்பு சஸ்பெண்டர் மாட்டிக்கொண்டு மேடையேறி, கறுப்பர்களை ஓட்டுச்சாவடிப் பக்கம் விடமாட்டேன் என்று சத்தியம் செய்து, 1946-ல் நாலாவது முறையும் ஜெயித்தார். ஆனால் மனிதருக்கு உடம்பு சரியில்லை. இது அவருடைய ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். விவரமான ஆட்கள். போட்டியிலேயே இல்லாத அவர் மகன் ஹெர்மனின் பெயரை ஓட்டுச்சீட்டில் கையால் எழுதிப் போடச் சொல்லிச் சிலரிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தார்கள். அப்பா பிரசாரத்தில் இருக்கும்போதே மகனுக்குப் பந்தி விரித்தாயிற்று. டிசம்பர் 21-ம் தேதி அப்பா கண்ணை மூடினார்.

லெப்டினன்ட் கவர்னராகத் தேர்வாகியிருந்தவர் எம்.இ. தாம்ப்சன். அந்த மாநிலத்தின் முதல் லெப்டினன்ட் கவர்னர் அவர்தான். எனவே நாற்காலி தமக்கே என்று நினைத்தார். பதவிக்காலம் முடிந்த கவர்னர் எல்லிஸ் ஆர்னால், "முறைப்படி ஒருவர் வரும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன்" என்கிற கட்சி. சட்டமன்றமோ, மிச்சமிருப்பவர்களில் அதிக ஓட்டு வாங்கிய இருவரிலிருந்து நாங்களே பொறுக்கிக்கொள்கிறோம் என்றது.

1947 ஜனவரியில் அந்த மிச்ச ஓட்டுகளை எண்ணினார்கள். முன்னணியில் இருந்த இருவரில் ஒருவர் குடியரசுக் கட்சியின் டால்மட்ஜ் பவர்ஸ். கல்லறைக் கல் விற்பவர். ஹெர்மன் மூன்றாவது இடம். போச்சே என்று தலையில் கைவைத்த நேரத்தில், டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்த மண்ணான டெல்ஃபேர் கவுண்டியிலிருந்து எண்ணாமல் விடப்பட்ட 58 ஓட்டு "கண்டெடுக்கப்பட்டது". ஹெர்மன் முதலிடம்! அட்லாண்டா ஜர்னல் நிருபர் ஜார்ஜ் குட்வின் பிறகு போய் விசாரித்தால், அந்த ஊர் வாக்காளர்கள் அகர வரிசைப்படி ஒழுங்காக வரிசையில் நின்றிருக்கிறார்கள். சிலர் சுடுகாட்டிலிருந்தே எழுந்து வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். உயிரோடிருக்கும் கறுப்பருக்குக் கிடையாது என்ற ஓட்டு, செத்த வெள்ளைக்காரருக்குத் தாராளமாகக் கிடைத்தது. குட்வினுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. கல்லறைக் கல் விற்றவருக்குத்தான் தம் வாடிக்கையாளர்களின் ஓட்டு ஒன்றுகூட விழவில்லை போலிருக்கிறது.

ஜனவரி 15, விடியாத நேரம். 161-க்கு 87 என்று சட்டமன்றம் 33 வயது ஹெர்மனைக் கவர்னராக்கியது. ஆர்னால் நகரவில்லை. ஹெர்மனின் ஆட்கள் கவர்னர் அலுவலகத்தின் பூட்டை மாற்றினார்கள். பங்காளிச் சண்டையில் பூர்வீக வீட்டுக்குப் புதுப் பூட்டுப் போடுவார்களே, அதே கதை. வெளியே நின்ற ஆர்னால், தலைமைச் செயலகத்தின் நடுக்கூடத்தில் வருகிறவர் போகிறவருக்கு வழி சொல்லும் மேஜை ஒன்று இருந்ததே, அங்கே போய் உட்கார்ந்து ஆட்சி நடத்தினார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவரிடம் யாராவது கேட்டார்களா என்பது சரித்திரத்தில் இல்லை. பிறகு அந்த மேஜையும் பறிபோனது.

தாம்ப்சன் லெப்டினன்ட் கவர்னராகப் பிரமாணம் எடுத்ததும் ஆர்னால் ராஜினாமா செய்து, பாரத்தை அவர் தலையில் இறக்கிவிட்டுப் போனார். தாம்ப்சன் ஊருக்குள் தனியாக ஓர் அலுவலகம் போட்டு, நானே ஆக்டிங் கவர்னர் என்றார். கோட்டையில் ஒருவர், கடைத்தெருவில் ஒருவர்.

இத்தனை கூத்திலும் அரசாங்கம் ஓர் அங்குலம் நகரவில்லை. காரணம், மாநில முத்திரை. அது குத்தாத கவர்னர் உத்தரவு, கல்யாணப் பத்திரிகைக்குக்கூடச் சமானம் இல்லை. முத்திரையைக் காக்க வேண்டியவர் மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன். கார் விபத்தில் கால் போய், சக்கர நாற்காலியில் இருந்தவர். அவர் முத்திரையை எடுத்து நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். இந்தத் தரப்பு தேடியது, அந்தத் தரப்பு தேடியது. நடக்க முடியாத மனிதரிடம் "கொஞ்சம் எழுந்திருங்க சார்" என்று சொல்ல எந்தக் கொம்பனுக்கு வாய் வரும்? அடைகாக்கும் கோழி மாதிரி மாநிலத்தையே அடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார் மனிதர்.

மார்ச் 19-ம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 2 என்று தாம்ப்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஹெர்மன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் தேர்தலில் நின்று, தாம்ப்சனைத் தோற்கடித்து, இம்முறை சாவியோடேயே திரும்பி வந்தார்.

பென் ஃபோர்ட்சன் 1979-ல் சாகும்வரை மாநிலச் செயலராகவே இருந்தார்.