அரை விநாடி அமைதி

எங்கள் தாத்தா பாடியதற்குச் சாட்சி ஒரே ஒரு கேசட். 1984-இல் பெரிய மாமா துபாயிலிருந்து டூ-இன்-ஒன் வாங்கி வந்த புதிதில், மாயவரம் வீட்டுக் கூடத்தில் தாத்தாவை உட்காரவைத்துப் பதிந்தது. பக்கத்துக்கு அரை மணி ஓடும். "கம்ப்யூட்டர்ல போட்டு இரைச்சலை மட்டும் எடுத்துக் குடுத்துடு" என்று குடும்பம் அதை என் தலையில் கட்டியது. கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவனுக்கு பிரிண்டர் ரிப்பேர், தட்கல் டிக்கெட், இரைச்சல் நீக்கம் எல்லாம் கைவந்த கலை என்பது எங்கள் உறவினர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை.

இதற்கு ஆடாசிட்டி என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருவர் தொடங்கியது. அவர்கள் எங்கள் வீட்டை மனத்தில் வைத்து எழுதவில்லை என்பது போகப் போகத் தெரிந்தது.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன், ரிச்சி தெருவில் ஒரு பழைய மெக்கானிக், டேப்பின் ஹெட்டைத் தாங்கும் குட்டி ஸ்க்ரூவை அரைக்கால் திருப்பு திருப்பினார். கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்தார் தாத்தா. "ஹெட் சாஞ்சிருந்தா உச்ச சத்தமெல்லாம் போயிடும் சார். அத அப்புறம் எந்த சாஃப்ட்வேரும் குடுக்காது" என்றார். இதற்கு அவர் வாங்கிய காசு, நான் வரும் வழியில் குடித்த ஜூஸை விடக் குறைவு.

அந்தக் கால டேப் ரெக்கார்டர்களில் ஒரு ஏற்பாடு உண்டு. சத்தம் குறைந்தால் தானாகவே காதைத் தீட்டிக்கொள்ளும், கூடினால் பொத்திக்கொள்ளும். லெவல் வைக்கத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்காகச் செய்தது. அதன் விளைவு, தாத்தா பாடுகிறவரை பாட்டு நன்றாகக் கேட்கிறது. அவர் மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் ரெக்கார்டர் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறது. அங்கே குக்கர் விசிலடிக்கிறது. சித்தி, "பால்காரன் வந்துட்டுப் போயிட்டானா?" என்கிறாள். பதில் வருவதற்குள் தாத்தா அடுத்த அடியைப் பிடித்துவிடுவதால், பால்காரன் விஷயம் நாற்பது வருஷமாகத் தொங்கலில் நிற்கிறது.

இரைச்சலை நீக்க, முதலில் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டை மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். 'இதுதான் ஆள், பார்த்துக்கொள்' என்று அடையாளம் காட்டுவது மாதிரி. பிறகு அது பதிவு முழுக்கத் தேடிப்போய் அந்த ஆளை அமுக்கும். ஃபேன் மட்டும் ஓடுகிற, வேறு யாரும் வாயைத் திறக்காத ஒரு நொடி வேண்டும். எங்கள் குடும்பத்தில்.

தோதாக ஒரு துண்டு கிடைத்தது. நீக்கப்போவதை மட்டும் தனியாகக் கேட்க 'ரெசிட்யூ' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்திக் கேட்டேன். ஃபேன் இருந்தது. கூடவே, பாட்டி துருத்தி போட்டுக்கொண்டிருந்த சுருதிப் பெட்டி மொத்தமும் குப்பையில் கிடந்தது. மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆரம்பம் முதல் முடிவுவரை மாறாமல் ஒரே மாதிரி ஒலிப்பதைத்தான் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. நாம் அதையே முதலில் வைத்துக்கொண்டு அப்புறம்தான் கச்சேரியை ஆரம்பிக்கிறோம். குக்கர், சித்தி, காக்காய், எவர்சில்வர் டம்ளர் உருண்டது எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறவை. அவற்றை அது சங்கீதமாகக் கருதி மரியாதையுடன் விட்டுவைத்திருந்தது.

அப்புறம்தான் அந்த இடம் அகப்பட்டது. ஒரு பாட்டு முடிந்து பாட்டி துருத்தியை மூடியதற்கும், மாமா "பலே!" என்று கத்தியதற்கும் நடுவே அரை விநாடி. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் 22,050 மாதிரி. மென்பொருளுக்கு அது தாராளம். அளவோடு, 12 டெசிபல் குறைத்தால் போதும். பேராசைப்பட்டு 30-க்குப் போனால் தாத்தா குடத்துக்குள் தலையை விட்டுப் பாட ஆரம்பித்துவிடுகிறார்.

கரண்டின் முனகல் தனி வழக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 100, 150 என்று அதன் மடங்குகளும் கூடவே முனகும். ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போய் 150-க்கு வந்தபோது கை நின்றுவிட்டது. தாத்தாவுக்கு இரண்டு கட்டை சுருதி. அந்த ஷட்ஜம் ஏறத்தாழ 147 ஹெர்ட்ஸ். கரண்டும் தாத்தாவும் கிட்டத்தட்ட ஒரே ஸ்தானத்தில் நிற்கிறார்கள். ஒருவரை வெட்டினால் மற்றவர்மேலும் கத்தி படும். 150-ஐ அப்படியே விட்டேன். பாட்டில் நிஜமாகவே சுருதி சேர்ந்திருப்பது அங்கேதான்.

இரண்டாம் பக்கத்தில் ஃபேனும் இல்லை, முனகலும் இல்லை. கரண்ட் போய்விட்டது. டார்ச் லைட்டிலிருந்து கழற்றிய செல்களைப் போட்டுப் பதிந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம்தான் குடும்பப் பெருமை. "பாடப் பாட அவருக்குத் தொண்டை திறக்கும். இரண்டு கட்டையில ஆரம்பிச்சு மூணு கட்டைல முடிப்பார்" என்று மாமா சொல்லாத கல்யாண வீடு கிடையாது. நானும் கேட்டேன். உண்மைதான், மூன்று கட்டையில்தான் முடிக்கிறார். ஆனால் சுருதிப் பெட்டியும் அவரோடு சேர்ந்து மூன்றுக்கு ஏறுகிறது. பித்தளை நாக்குக்கு எப்படித் தொண்டை திறக்கும்? செல் தீரத் தீர நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் சுருதியும் ஏறும், காலமும் ஓடும். இரண்டு கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் வித்தியாசம் சுமார் 12 சதவீத வேகம். ஆடாசிட்டியில் 'டைம் டிராக்' என்ற கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, தாத்தாவை இரண்டு கட்டைக்கே கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் எப்படியும் கேட்காது. நான் ராத்திரிகளைச் செலவழித்து நீக்கியதை யாரும் முன்பும் கேட்டிருக்க முடியாது, இப்போதும் கேட்கப்போவதில்லை. சித்தி மட்டும், "என் குரல் தெளிவா வந்திருக்குடா கண்ணு" என்று எழுதினாள்.

மாமாவிடமிருந்து பதில் வாய்ஸ் மெசேஜாக வந்தது. ஏதோ பஸ் ஸ்டாண்டில் நின்று பேசியிருக்கிறார். எஞ்சின் உறுமலில் ஒரு வார்த்தை புரியவில்லை. அதையும் ஆடாசிட்டியில் ஏற்றினேன். பட்டனை அழுத்திவிட்டு நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு. ஆகையால் ஆரம்பத்தில் இரண்டு விநாடிக்கு பஸ் மட்டும், சுத்தமாக, மாறாமல், ஒரே மாதிரி. அதை அடையாளம் காட்டியதும் பஸ் ஸ்டாண்டே காலியாகிவிட்டது. நான் இதுவரை சுத்தம் செய்ததிலேயே இதைவிடப் பளிச்சென்று வந்த பதிவு கிடையாது. மாமா என் காதருகே நின்று பேசுவது போல ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது:

"ரெண்டாம் பக்கத்தைக் கெடுத்துட்டியேடா. அப்பா கடைசிவரைக்கும் ஏறவே இல்லையே. பழசையே அனுப்பு."