பைக்குள் கை விடும் முன்

கூட்டாக ஆடும் தொடர் கார்டு ஆட்டங்களில் சிக்கிக்கொண்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: ‘ஆர்க்கம் ஹாரர்’ கார்டு ஆட்டத்தின் முதல் கேம்பெயினில், மூன்றாவது சினாரியோவிலேயே நான்கு முறை தோற்றுவிட்டோம். எங்களுக்கு ஆடத் தெரியவில்லையா?

பதில்: தெரியாமலா மூன்றாவது வரை வந்தீர்கள்? ‘தி டிவவரர் பிலோ’ கடுமையான சினாரியோதான். கடைசியில் எழும் உமோர்தோத் ஓர் அடி அடித்தால் 3 காயம், 3 திகில். இருவர் ஆடினால் அதன் உயிர் 14. ஆனால் அதைக் கொன்றே ஆக வேண்டும் என்றில்லை. அது எழுமுன் சடங்குத் திடலை அடைந்து சடங்கைக் கலைத்தாலும் வெற்றிதான். இன்னொன்று: மூன்றாவதில் தோற்பவர்கள் பல நேரம் இரண்டாவதிலேயே தோற்றிருப்பார்கள். அங்கே பிடிக்க வேண்டிய சதிகாரர்கள் ஆறு பேர். தப்பியவர்கள் எல்லாரும் அடுத்ததில் எதிரிகளாக வந்து சேர்வார்கள். அழிவுக் குறிகளும் ஆரம்பத்திலேயே ஏறிவிடும். வெள்ளம் வந்தபின் அணை கட்ட முடியாது. இரண்டாவதைக் கவனித்து ஆடுங்கள்.

கேள்வி: ‘ஆர்க்கம்’ டோக்கன் பைக்குள் நான் கை விட்டாலே −4தான் வருகிறது. ராசியை மாற்ற வழி உண்டா?

பதில்: ராசி கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். ‘ஸ்டாண்டர்டு’ நிலையில் பைக்குள் 16 டோக்கன்கள். முதல் சினாரியோவை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் பிணந்தின்னிகள் இல்லை, உங்கள் திறன் சோதனையின் எண்ணுக்குச் சமம் என்றால், காப்பாற்றும் டோக்கன்கள் 6தான். கைக்கார்டுகளால் திறனை இரண்டு கூட்டினால் அதுவே 13 ஆகிவிடும்! மிஞ்சுவது −3, −4, எப்படியும் தோற்கடிக்கும் அந்த ஒற்றை டோக்கன், அவ்வளவுதான். அதற்காக எல்லாச் சோதனைக்கும் அள்ளிப் போடாதீர்கள். தோற்றால் ஒரு துப்பு தாமதமாகும் என்றால் வெறுங்கையோடு போகலாம். தோற்றால் ஆள் விழுவார் என்றால் சேர்த்து வைத்த கார்டுகளை இறக்குங்கள்.

கேள்வி: பாதியில் ‘ரிசைன்’ செய்து ஓடுவது கோழைத்தனம் இல்லையா?

பதில்: இல்லை. காயத்தாலோ திகிலாலோ விழுந்தால் ட்ராமா ஒட்டிக்கொள்ளும். அடுத்த சினாரியோக்களை எல்லாம் அந்தக் காயத்தோடோ திகிலோடோதான் தொடங்க வேண்டும். ரிசைன் செய்தவருக்கு அது கிடையாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகட்டும்.

கேள்வி: ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கார்டு ஆட்டத்தில், ஆண்டுயின் ஆற்றுப் பயணத்தில் வரும் மலை ட்ரோல் எங்களை நசுக்குகிறான்.

பதில்: 2011 முதல் இந்த ஆட்டத்துக்கு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி வைப்பவன் அவன். தாக்குதல் 6, உயிர் 9. ஆனால் உங்கள் அச்சுறுத்தல் எண் 30-ஐத் தொடும்வரை தானாக மேலே பாய மாட்டான். 26-இல் தொடங்கும் நாயகர்களைத் தேர்ந்தெடுங்கள். தேடலில் சறுக்காவிட்டால் நான்கு சுற்று அவகாசம் கிடைக்கும். அதற்குள் ஆள் சேர்த்து, ‘ஃபாரஸ்ட் ஸ்னேர்’ பொறியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் வந்தபின் அதை மாட்டிவிட்டால் அவனால் அடிக்கவே முடியாது. சின்னக் கூட்டாளியை முன்னால் தள்ளித் தப்பிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்: அவரைக் கொன்றது போக மிச்சமுள்ள அடி உங்கள் அச்சுறுத்தலில் ஏறும்.

கேள்வி: நிலையைக் குறைத்து ஆடுவது ஏமாற்று வேலையா?

பதில்: ஆட்டத்தை உருவாக்கியவர்களே கொடுத்த வழி அது. ‘ஆர்க்கம்’ எளிய பையில் −3, −4 இல்லை. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எளிய முறையில் கடுமையான கார்டுகளை எடுத்துவிடலாம். ஒவ்வொரு நாயகருக்கும் தொடக்கத்தில் ஒரு வளம் கூடுதல். கதையை முடித்துப் பார்க்கும் ஆசை இருந்தால் தயங்காமல் குறையுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் எல்லாருடைய ஆட்டத்தையும் தானே ஆடுகிறார்.

பதில்: உங்கள் முறை வரும்போது, “நான் இதைச் செய்யலாம்னு இருக்கேன், உங்களால என்ன உதவி பண்ண முடியும்?” என்று முந்திக்கொண்டு கேளுங்கள். கட்டளையிடுபவரை உதவி செய்பவராக மாற்ற இந்த ஒரு கேள்வி போதும்.

கேள்வி: தன் பாத்திரம் செத்ததும் தங்கை கார்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எப்படித் திரும்ப அழைப்பது?

பதில்: எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அந்த இரவு யாரும் பெட்டியை மூடவில்லை. மறுநாள், பதிவுத்தாளில் அந்தத் துப்பறிவாளர் எங்கே, யாரைக் காப்பாற்றி விழுந்தார் என்று பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்தேன். என் தங்கை வந்து படித்தாள். “அந்தக் கதவை அடைச்சதும் நான்தான், அதையும் எழுதுண்ணா” என்றாள். எழுதினேன். பிறகு அவளே புதுத் துப்பறிவாளரை எடுத்து, அனுபவப் புள்ளி எதுவும் இல்லாமல் முதலிலிருந்து டெக் அடுக்கினாள். உங்கள் தங்கையிடமும் பென்சிலைக் கொடுங்கள்.