டெக்னீஷியன் ஏ சொல்கிறார்

ஏப்ரல் பிறந்துவிட்டால் அமெரிக்கப் புறநகர்களில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். குளிர்காலம் முழுக்க ஷெட்டில் முடங்கிக் கிடந்த புல்வெட்டி மெஷினை வீட்டுக்காரர் வெளியே தள்ளிக்கொண்டு வருவார். கயிற்றைச் சுண்டி இழுப்பார். கிளம்பாது. இன்னொரு இழுப்பு. ஒரு செருமல், அவ்வளவுதான். பதினைந்தாவது இழுப்பில் தோள்பட்டை வலிக்கும், ஜன்னலிலிருந்து யாராவது பார்க்கிறார்களா என்று கண் தேடும். அவர் நம்மூர் மெக்கானிக்கல் இன்ஜினீயராகவும் இருந்துவிட்டால் சங்கடம் இரட்டிப்பு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினைப் பாகம் குறித்து வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். அந்த விவரம் இன்ஜினுக்குத் தெரியாது. கடைசியில் மெஷின் பழுது பார்க்கும் கடைக்குப் போகும். அதை அங்கே எழுப்பி உட்கார வைப்பவர், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்புக்குப் போய்ச் சின்ன இன்ஜின் பழுது பார்க்கக் கற்றவராக இருக்கலாம். தர்க்க சாஸ்திரத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கும் இடம் எது என்று கேட்டால், தத்துவத் துறையைத் தாண்டிப் போய் இந்த கிரீஸ் வாடை அடிக்கும் வகுப்பறையைத்தான் நான் காட்டுவேன்.

இந்தக் கம்யூனிட்டி காலேஜ்களின் பூர்வீகம் அப்படியொன்றும் ஆடம்பரமானதில்லை. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரத்தில், ஆறே ஆறு மாணவர்களோடு ஆரம்பித்தது முதல் கல்லூரி. இரண்டு ஆண்டுப் படிப்பு, உள்ளூர் ஆட்கள், கட்டுபடியாகும் கட்டணம். ஒரு கூரையின் கீழே நர்ஸிங், வெல்டிங், கணக்கு, கார் ரிப்பேர் எல்லாம் நடக்கும். பெயர் சொன்னால் கல்யாணச் சந்தையில் எடுபடாது. அமெரிக்காவிலேயே இதைச் சற்று இளப்பமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நம்மவர்கள் அந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கர்களோடு உடனே ஒன்றிப்போய்விட்டார்கள்.

அந்த வகுப்பில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஓடாத இன்ஜின் எதுவானாலும் கேள்விகள் நாலுதான்: அழுத்தம் இருக்கிறதா, பெட்ரோலும் காற்றும் சரியான கலவையில் வருகிறதா, பொறி பறக்கிறதா, அந்தப் பொறி சரியான நேரத்தில் பறக்கிறதா? அறியாதவன் முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவான், அப்புறம் கார்புரேட்டரை, அதற்கும் மசியாவிட்டால் ஜாதகத்தை. கற்றவன் எதையும் மாற்றுவதில்லை, சோதிக்கிறான். காற்று வரும் வழியில் கொஞ்சம் ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயை அடித்துக் கயிற்றை இழுக்கிறான். இன்ஜின் ஒரு நொடி உறுமி அடங்கினால், பொறியும் அழுத்தமும் குற்றமற்றவை என்று விடுதலை; பெட்ரோல் வருகிற பாதையைப் பிடித்து விசாரிக்க வேண்டியதுதான். அமெரிக்க பெட்ரோலில் பெரும்பாலும் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் பெட்ரோல் கெட்டுப் பிசினாகி, கார்புரேட்டர் ஜெட்டின் ஊசித் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். ஏப்ரல் நாடகத்தின் வில்லன் பெரும்பாலும் இவன்தான். சில சமயம் ஆள் வேறு. பொறி இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, ஆனாலும் கிளம்பவில்லை. இழுத்த கயிறு கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போகிறது. அப்போது ஆசிரியர் கேட்பார்: போன தடவை எதன் மேலாவது மோதியதா? ஃபிளைவீலும் கிராங்க் ஷாஃப்டும் பிசகாமல் இருக்க, நடுவில் மெத்தென்ற உலோகத்தில் ஒரு குட்டி ‘கீ’ செருகியிருக்கும். பிளேடு மரக்கட்டையில் முட்டினால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஃபிளைவீல் ஒரு நூலிழை விலகும், அதிலுள்ள காந்தம் காயிலைக் கடக்கும் நேரம் மாறும், பொறி தப்பான முகூர்த்தத்தில் பறக்கும். சொற்பக் காசே பெறும் அந்தத் துண்டைக் கண்டுபிடிக்க, ஐந்து புலன்களோடு வாடிக்கையாளர் மறைக்கும் உண்மையையும் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு நல்ல இன்ஜினை வேண்டுமென்றே கெடுத்து வைத்து மாணவரைத் தேடவிடும் ஆசிரியர்கள் இந்தத் துறையில் நிறைய. குற்றத்தைத் தானே செய்துவிட்டுத் துப்பறியச் சொல்லும் வாத்தியார் வேறு எந்தப் படிப்பில் கிடைப்பார்?

கார் ரிப்பேர் பக்கம் போனால் பரீட்சை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவில் வாகன மெக்கானிக்குகளுக்குச் சான்று தருவது 1972இல் தொடங்கிய ‘ஏஎஸ்இ’ என்ற அமைப்பு. அதன் வினாத்தாளில் ஒரு வகைக் கேள்வி பிரசித்தம்: ஒரு கோளாறைச் சொல்லி, டெக்னீஷியன் ஏ இப்படிச் சொல்கிறார், டெக்னீஷியன் பி அப்படிச் சொல்கிறார், யார் சொல்வது சரி? ஏ மட்டும், பி மட்டும், இருவரும், இருவரும் இல்லை. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த நமக்கு இது கைவந்த கலை மாதிரி தோன்றும். ஆனால் நம் நடுவர்கள் இரண்டு அணியையும் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தீர்ப்புக்கு வருவார்கள். “இருவரும் பேசியது தப்பு, வீட்டுக்குப் போங்கள்” என்று சொன்ன நடுவரை நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே அது நாலில் ஒரு பதில். இதில் தேறினாலும் வேலை அனுபவத்தைக் காட்டினால்தான் சான்று. அதுவும் ஐந்து ஆண்டுக்குத்தான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். நம் பட்டங்களுக்கு இந்த விதி வந்தால் வரவேற்பறைச் சுவர்கள் பாதி வெறிச்சோடிவிடும்.

இதற்கெல்லாம் காலேஜ் எதற்கு, நம்மூர் வொர்க்ஷாப்பில் பத்து வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்த பையன் கண்ணை மூடிக்கொண்டு செய்வானே என்பார்கள். செய்வான். சத்தத்தைக் கேட்டே கார்புரேட்டரை டியூன் செய்யும் காதுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. எந்தச் சபாவிலும் அவர்களுக்கு விருது கிடைக்கவில்லை என்பது தனி வருத்தம். ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. மூட்டை சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல் வரைக்கும் கார்புரேட்டரை உதறிவிட்டு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. திருகு ஆணியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேட்டவர்கள் முன்னால், சென்சாரும் ஸ்கேனரும் வந்து நின்றன. எப்படிச் செய்வது என்பது கையோடு வந்துவிடும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை ஒருவர் உட்கார வைத்துச் சொன்னால்தான், வண்டி மாறும்போது ஆளும் கூடவே மாற முடியும். பத்து வயதுப் பையன் பள்ளியில் இருக்க வேண்டியவன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் பேட்டரிக்கு மாறப்போகிறது, இது செத்த பாம்பை அடிக்கும் படிப்பு என்பது அடுத்த குரல். பாதி உண்மை. கலிஃபோர்னியா 2024 முதல் புதிதாகத் தயாரித்து விற்கும் சின்ன இன்ஜின்களில் பெரும்பாலானவை புகையே விடக் கூடாது என்றுவிட்டது. இலை ஊதும் மெஷினை ஒரு மணி நேரம் ஓட்டினால், காரில் சுமார் 1,100 மைல் போன அளவு காற்று கெடும் என்பது அந்த மாநிலக் காற்று வாரியத்தின் கணக்கு. உருவம் பார்த்து எடைபோடக் கூடாது! 1908இல் மில்வாக்கியில் பிறந்த பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், சின்ன இன்ஜின் உலகின் பெரியண்ணன், 2020இல் திவால் மனு கொடுத்துக் கைமாறியது. ஆக, கார்புரேட்டர் பாடம் ஒருநாள் மியூசியத்துக்குப் போகும். போகட்டும். பேட்டரி மெஷினும் ஒருநாள் ஓடாமல் நிற்கும். அன்றைக்கும் பேட்டரியா, சுவிட்சா, மோட்டாரா, வயரா என்று மல்டிமீட்டரோடு ஒவ்வொன்றாய் விலக்கிப் பார்க்கத் தெரிந்தவன்தான் தேவைப்படுவான்.

படித்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்பவர்களுக்கு மேத்யூ கிராஃபோர்டைத்தான் காட்ட வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் தத்துவத்தில் முனைவர் பட்டம், அப்புறம் வாஷிங்டனில் சிந்தனைக் குழாம் ஒன்றில் பதவி. அதை உதறிவிட்டு ரிச்மண்டில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை போட்டார். சிந்திக்கும் வேலை கடையில்தான் அதிகம் என்று 2009இல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் காசு விஷயத்தில் நான் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும். அமெரிக்கக் கார் மெக்கானிக் தன் ஸ்பானர்களைத் தானே வாங்க வேண்டும். வாரம் ஒருமுறை டூல் வண்டி வாசலுக்கே வந்து தவணையில் விற்கும், நம்மூர்த் தவணைப் புடவைக்காரர் மாதிரியே. பல கடைகளில் சம்பளம் வேலைக்கணக்கு: இந்த ரிப்பேருக்கு இரண்டு மணி நேரம் என்று புத்தகம் சொன்னால் இரண்டு மணிக்குத்தான் கூலி, துருப்பிடித்த போல்ட்டோடு நீங்கள் நாலு மணி மல்லுக்கட்டியிருந்தாலும். இது அநியாயம். வகுப்பறை இதைத் தீர்க்காது, என்னிடமும் பதில் இல்லை.

மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். புல்வெட்டியோ, மின்வெட்டுக்கு வாங்கிப் போட்ட ஜெனரேட்டரோ, மாதக்கணக்கில் மூடிவைக்கும் முன் டேங்கிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், மரக்கட்டையில் மோதியதை மெக்கானிக்கிடம் மறைக்காதீர்கள். எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.