நீலப் பலகை, மஞ்சள் எழுத்து

1996-இல் நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடிக்கு வேலைக்கு வந்த புதிதில், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் மோஹாக் ஆற்றங்கரைதான். செலவில்லாத பொழுதுபோக்கு. பழைய கார், ஒருமுறை பிரித்தால் மறுபடி மடியாத சாலை வரைபடம், தூக்குச் சட்டியில் புளியோதரை. வடகரையில் 5-ஆம் எண் சாலை, தென்கரையில் 5-எஸ். இரண்டின் ஓரத்திலும் அங்கங்கே கம்பத்தில் நீலப் பலகை, மஞ்சள் எழுத்து. அமெரிக்கப் புரட்சியின் 150-ஆம் ஆண்டையொட்டி 1926-இல் மாநிலம் நடத் தொடங்கியவை.

நான் ஒன்றைக்கூட விடமாட்டேன். வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, உரக்கப் படிப்பேன். முதல் மாவு ஆலை, முதல் தேவாலயம், முதல் குடியேறி. அதற்கு முன் அந்தப் பள்ளத்தாக்கில் ஈ, காக்கை இல்லை என்று நினைக்கத் தோன்றும். அடுத்த பலகையிலேயே அந்த ஆலையை இந்தியர்கள் எரித்துவிட்டிருப்பார்கள்.

“நாமாப்பா எரிச்சோம்?” என்றான் ஆறு வயது மகன்.

மனைவி கார் கண்ணாடியை இறக்கினாள். “ஏங்க, நமக்கெதுக்கு வம்பு? வண்டியை எடுங்க.”

எரிந்தது உண்மைதான். ரைன் நதிக்கரையில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறி வந்த பாலடைன் ஜெர்மானியர்கள் 1720-களில் இங்கே நிலம் பெற்று, ஜெர்மன் ஃபிளாட்ஸ் என்ற ஊரை உண்டாக்கினார்கள். புரட்சிப் போரின்போது, 1778 செப்டம்பரில், மோஹாக் பழங்குடித் தலைவர் ஜோசப் பிராண்டின் படை அதைக் கொளுத்தியது: 63 வீடுகள், 57 களஞ்சியங்கள். ஆடம் ஹெல்மர் என்ற ஒற்றர் முன்னதாக ஓடிவந்து சொன்னதால் ஜனங்கள் கோட்டைக்குள் புகுந்து தப்பினார்கள். மறு வருஷம் வாஷிங்டன் அனுப்பிய சல்லிவன், கிளின்டன் படைகள் மோஹாக் இனமும் அடங்கிய இரோக்வாய் மக்களின் 40-க்கும் மேற்பட்ட ஊர்களை, விளைந்து நின்ற சோளத்தோடும் பழத்தோட்டங்களோடும் எரித்தன. ஆனால் நான் படித்த பலகைகளில் அது ‘படை சென்ற வழி’. ஒரு நெருப்புக்கு வைத்தவன் பெயர் உண்டு; இன்னொன்று ஏதோ பாதயாத்திரை மாதிரி இருக்கும்.

இப்போது அந்த மகன்தான் ஓட்டுகிறான். அதுவும் த்ரூவே நெடுஞ்சாலையில், மணிக்கு 65 மைலில். பலகை படிக்க அங்கே நிறுத்தினால் போலீஸ் வரும். நான் கெஞ்சினால் 5-எஸ்ஸில் இறங்குவான். இறங்கினாலும், “போன்லயே படிச்சுக்கலாமேப்பா” என்பான். பனி தள்ளும் வண்டி இடித்துச் சாய்ந்த கம்பங்கள் சில. உள்ளூர்க்காரர் யாரோ பாசத்தோடு வர்ணம் பூசியவை சில.

புதுப் பலகைகளும் முளைக்கின்றன. ஓர் அறக்கட்டளை செலவை ஏற்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஆவணம் காட்ட வேண்டும். எங்கள் பொங்கல் விருந்தில் ஒருவர், “இப்பள்ளத்தாக்கின் முதல் வெட் கிரைண்டர்னு உங்க வீட்டு வாசல்ல ஒண்ணு நட்டுடலாம் சார்” என்றார். சிரித்தாலும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு நாங்கள் அதை ஓட்டினால் தெருவே உறுமும். மூலையில் மோர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் நிதானமாக, “நாங்க 1971-லயே ஆட்டுக்கல் கொண்டுவந்துட்டோமே” என்றார். என் பலகை அங்கேயே சாய்ந்தது.

ஃபோண்டாவுக்கு மேற்கே, ஆற்றை ஒட்டி கனட்சியோஹரேகே என்று ஓர் இடம். புரட்சிப் போரில் மோஹாக் மக்களில் பெரும்பாலோர் இந்தப் பள்ளத்தாக்கை விட்டுக் கனடாவுக்குப் போக நேர்ந்தது. இருநூறு வருஷம் கழித்து, 1993-இல், மோஹாக் மக்கள் சிலர் ஏலத்தில் காசு கொடுத்து இந்த நிலத்தை வாங்கித் திரும்பி வந்தார்கள். அந்த நாட்களில் எத்தனையோ ஞாயிறு அதைத் தாண்டிப் போயிருக்கிறோம். வாசலில் நீலப் பலகை எதுவும் என் கண்ணில் படாததால் நான் நிறுத்தவில்லை.

சில வருஷம் முன்பு ஸ்ட்ராபெர்ரித் திருவிழாவுக்கு அங்கே போனோம். பழரசம் ஊற்றிக் கொடுத்த பாட்டி எந்த ஊர் என்று கேட்டார். ஸ்கெனெக்டடி என்றேன். அது தங்கள் மொழிப் பெயர் என்று சொல்லிவிட்டு, “அதற்கு முன்னால்?” என்றார்.

“இந்தியா.”

கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். “நல்லது. போகும்போது அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டு போங்கள். எங்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறது.”